மலை ஜீப்புகளின் கேம் ஷாஃப்ட்: கடையும் பட்டறையும் ஒருவரையொருவர் கைகாட்டுவது எப்போது நிற்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குமரி மாவட்டத்தின் மலையோரத் தோட்டங்களில் ஓடும் ஜீப்புகளில், எஞ்சினுக்குள் காற்று வரவும் புகை போகவும் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் மேடுகளுள்ள தண்டான கேம் ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்), புதிதாகப் பூட்டி ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் தேய்ந்துபோவது இப்போது அடிக்கடி கேள்விப்படும் செய்தியாகிவிட்டது. வண்டிக்காரர் பட்டறைக்குப் போனால் ‘சாமான் சரியில்லை’ என்கிறார்கள். அந்தச் சாமானைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் ‘பூட்டியது சரியில்லை’ என்கிறார்கள். இடையில் கிடந்து அலைபவரிடம் பில்லும் இருப்பதில்லை, முதலில் கழற்றிய பழைய பாகமும் இருப்பதில்லை. கேம் ஷாஃப்டைத் தனிப் பொருளாக விற்பதும், அதைத் தனியாகவே வாங்கிவந்து எதையும் அளக்காமலும் எழுதிவைக்காமலும் பூட்டுவதும்தான் இந்தத் தகராறுக்கு வேர் என்பது என் கருத்து. ஆகவே கடைக்காரர்கள், மெக்கானிக்குகள், வண்டி உரிமையாளர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் படிக்கும்படி இதைத் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன்.

நகரத்து வாசகர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றக்கூடும். ஆனால் கீரிப்பாறை, பாலமோர், மாறாமலை பக்கத்துத் தோட்டங்களுக்கும், பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளுக்கும் பஸ் போகும் சாலை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ஜீப்தான். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் தொழிலாளர்களைக் கொண்டு விடுவதும், ரப்பர் ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் கிராம்பு மூட்டையையும் கீழே இறக்குவதும், காய்ச்சல் கண்ட குழந்தையைக் குலசேகரத்துக்கோ நாகர்கோவிலுக்கோ சேர்ப்பதும் அதே வண்டிதான். அந்த வண்டி பத்து நாள் பட்டறையில் கிடந்தால் ஒரு மலைப்பாதை முழுவதற்குமே பத்து நாள் போக்குவரத்து இல்லை என்று பொருள்.

மகிந்திரா நிறுவனம் 1947-இல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த வரிசையில் வந்த ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சினிலும், பின்னர் வந்த பெஜோ வடிவமைப்பு டீசல் எஞ்சினிலும் கேம் ஷாஃப்ட், எஞ்சினின் அடிக்கூடான பிளாக்கின் உள்ளே, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்குக்குப் பக்கத்தில் படுத்திருக்கும். 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியில் அது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் மேலே ஏறிவிட்டது. இப்போதைய மகிந்திரா தார் போன்ற வண்டிகளின் கதை வேறு. அவற்றின் வேலை பெரும்பாலும் கம்பெனி சர்வீஸிலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் மலைகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருப்பவை பெரும்பாலும் பழைய வண்டிகள், சிக்கலும் அவற்றில்தான்.

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்றுச் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் 1250 முறை திறந்து மூட வேண்டும். ஸ்பிரிங்கின் முழு விசையும் கேமின் மேட்டுக்கும், அதன் மேல் உட்கார்ந்து அசைவை வால்வுக்குக் கடத்தும் டேப்பட் என்ற உருளையின் அடிமுகத்துக்கும் இடையிலுள்ள மெல்லிய ஒரு கோட்டின் மேல் விழுகிறது. எஞ்சினுக்குள் இவ்வளவு கடுமையாக ஒன்றையொன்று அழுத்தி உரசும் பரப்புகள் வேறு அதிகம் இல்லை. இந்த உரசலைத் தாங்குவதற்காகவே இத்தகைய பல எஞ்சின்களில் ஒரு நுட்பம் வைத்திருக்கிறார்கள். கேமின் மேடு கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தாலும் ஒரு பக்கம் மிக லேசாகச் சாய்ந்திருக்கும். டேப்பட்டின் அடிமுகமும் தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் புடைத்திருக்கும். இந்தச் சாய்வும் புடைப்பும் சேர்ந்து டேப்பட்டைத் தன் குழிக்குள் மெல்லச் சுழல வைக்கின்றன. சுழலும்வரை தேய்மானம் முகம் முழுவதும் பரவும். சுழற்சி நின்ற டேப்பட் ஒரே இடத்தில் உரசுபட்டு, தானும் குழிந்து, கேமின் மேட்டையும் வட்டமாக்கிவிடும்.

பழைய டேப்பட்டில் அந்தப் புடைப்பு தேய்ந்து போயிருக்கும். பழைய கேமோடு சேர்ந்து தேய்ந்ததால் அதன் முகம் அந்தக் கேமுக்கு மட்டுமே பழகிய முகம். அதைப் புதிய கேமின் மேல் உட்கார வைத்தால் முதல் ஒரு மணி நேரத்திலேயே புதிய மேட்டின் கடினமான மேல்தோலை அது சுரண்டத் தொடங்கிவிடும். ஆகவே கேம் புதிது என்றால் டேப்பட்டும் புதிதாகத்தான் இருக்க வேண்டும். இதில் பாதி வழி என்று எதுவும் கிடையாது. மறுதலையாக, நன்றாக இருக்கும் கேமை ஏதோ வேலைக்காகக் கழற்றி அதையே மறுபடி போடும்போது, ஒவ்வொரு டேப்பட்டும் முன்பு இருந்த குழிக்கே திரும்பிப் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் கொட்டிக் கழுவி, கைக்கு வந்தபடி எடுத்துப் போடுவது நம் பட்டறைகளில் சாதாரணமாக நடக்கும் காரியம். ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு நம்பர் எழுதி நிறுத்தி வைத்தால் வேலை முடிந்தது.

டேப்பட் நல்லதா கெட்டதா என்று பார்க்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். இரண்டு டேப்பட்டுகளின் அடிமுகங்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துப் பார்த்தால், புடைப்புள்ள புதியவை லேசாக அசைந்தாடும். தேய்ந்தவை அசையாமல் ஒட்டி நிற்கும். இந்த ஒரு சோதனையை வண்டிக்காரர் எதிரிலேயே செய்துகாட்டினால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

இவ்வளவு எளிதென்றால் மெக்கானிக்குகள் ஏன் டேப்பட்டை விட்டுவிடுகிறார்கள் என்ற கேள்வி எழும். அவர்கள்மேல் மட்டும் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. பழைய ஜீப் பெட்ரோல் எஞ்சினில் கேமை உருவும்போது டேப்பட்டுகள் கீழே விழாமலிருக்க, துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி அவற்றை மேலேயே நிறுத்தி வைப்பது பல காலமாக இருந்துவரும் கைவழக்கம். அருமையான உபாயம்தான். ஆனால் அப்படி நிறுத்திவிட்டால் டேப்பட்டைக் கையில் எடுத்துப் பார்க்கும் சந்தர்ப்பமே வருவதில்லை. கேம் மட்டும் மாறிவிடுகிறது, டேப்பட் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. டீசல் எஞ்சின்களில் டேப்பட்டை எடுப்பதற்காக ஹெட்டை இறக்க வேண்டியிருந்தால் கேஸ்கெட் செலவும் கூலியும் கூடும். ‘டேப்பட்டு நல்லாத்தான் கெடக்கு அண்ணே, அதையே போட்டாப் போதும்’ என்று மெக்கானிக் சொல்வார். செலவு குறைந்தது என்று வண்டிக்காரரும் தலையாட்டுவார். இந்தத் தலையாட்டலில்தான் வினையே தொடங்குகிறது.

என் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்து ஜீப்புக்கு இதுதான் நடந்தது. கேம் மாற்றி அதிக நாள் ஆகவில்லை. எஞ்சினின் ஒரு பக்கத்தில் டிக் டிக் என்று சத்தம் வந்தது, ஏற்றத்தில் இழுவை குறைந்தது. ஆயிலை வடித்து, ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்பைக் கழற்றினார்கள். அடியில் கருஞ்சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஒரு படிவு. விரலில் தொட்டுத் தேய்த்தால் நகக்கண்ணில் ஏறிக்கொண்டு சோப்புக்கும் போகவில்லை. பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுபோனதும் அது முள்முள்ளாக நிமிர்ந்து நின்றது. கேமை உருவிப் பார்த்தபோது ஒரு மேடு மட்டும் முட்டை வடிவம் போய் ஏறத்தாழ முழு வட்டமாகியிருந்தது. அதன் மேல் ஓடிய டேப்பட்டின் முகம் கரண்டிக் குழிபோலத் தேய்ந்து, ஓரத்தில் விளிம்பு கூர்மையாக நின்றது. மற்ற மேடுகளிலும் கீறல் விழத் தொடங்கியிருந்தது. தேய்ந்த இரும்புப் பொடி ஆயிலோடு சேர்ந்து எஞ்சின் முழுவதும் சுற்றியதால் பேரிங்குகளும் கெட்டிருந்தன. டேப்பட்டில் மிச்சம் பிடித்த தொகையைப் போலப் பல மடங்கு செலவு வைத்துவிட்டது. கடைக்காரர் பில் தரவில்லை. முதலில் கழற்றிய கேமும் டேப்பட்டுகளும் பழைய இரும்பு வாங்கும் ஆக்கர் கடைக்கு எடைக்குப் போய்விட்டிருந்தன. எதை வைத்து யாரிடம் கேட்பது?

மாற்றுவதற்கு முன்பாகவே ஒரு கேள்வி இருக்கிறது: கேம் உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா? டீசல் ஜீப் ஏற்றத்தில் கறும்புகை தள்ளினால் முதலில் டீசலைச் செலுத்தும் பம்பையும் அதைத் தெளிக்கும் நாஸிலையும் கழற்றி, அளவு சரிபார்க்கும் காலிபிரேஷனுக்கு அனுப்புவார்கள். காற்று வால்வின் கேம் மேடு தேய்ந்தால் சிலிண்டருக்குள் காற்று குறையும், அப்போதும் இதே கறும்புகைதான் வரும் என்பது நினைவுக்கு வருவதில்லை. பெட்ரோல் எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வின் மேடு தேய்ந்தால் எரிந்த புகை வெளியேற வழியில்லாமல் கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வெடிக்கும். பழி இக்னிஷன் மேல் விழும். மறுபுறம், வால்வை அழுத்தித் திறக்கும் கையான ராக்கரின் வெறும் சத்தத்தைக் கேட்டுவிட்டு நல்ல கேமைத் தூக்கி எறிந்தவர்களும் உண்டு.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வால்வுக்கு விடும் சிறு இடைவெளியான டேப்பட் கிளியரன்ஸை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்க்கும்போது டேப்பட் கேமின் வட்டப் பகுதியில் உட்கார்ந்திருக்கும். மேட்டின் உச்சி எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அந்த இடைவெளி மாறாது. ஆகவே கிளியரன்ஸ் சரியாக இருக்கிறது, கேமும் நன்றாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்வது தவறு. டேப்பட்டின் அசைவை ராக்கருக்குக் கடத்தும் கம்பியான புஷ் ராடு உள்ள எஞ்சின்களில், ராக்கரை விலக்கி, புஷ் ராடின் தலையில் நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜை நிறுத்தி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, புஷ் ராடு எவ்வளவு எழும்புகிறது என்று அளப்பதே சரியான வழி. நான்கு சிலிண்டரின் காற்று வால்வுகளும் ஒரே அளவு எழும்ப வேண்டும், எக்ஸாஸ்ட் வால்வுகளும் தமக்குள் ஒரே அளவு எழும்ப வேண்டும். ஒன்று மட்டும் குட்டையாக நின்றால் அந்த மேடு போய்விட்டது. எஞ்சினைத் திறக்காமலே அரை மணி நேரத்தில் இதைச் செய்துவிடலாம். டயல் கேஜ் ஒன்றும் எட்டாத விலையில் இல்லை. இந்த எட்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டால், பின்னால் எழும் எந்தத் தகராறுக்கும் அதுவே முதல் சாட்சி.

வாங்கும் இடத்துக்கு வருகிறேன். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கிடைக்காத பழைய மாடலுக்குச் சிலர் திருவனந்தபுரம் போகிறார்கள், சிலர் சென்னைப் புதுப்பேட்டை வரை ஆள் விட்டுத் தேடுகிறார்கள், இளைஞர்கள் இணையத்தில் ஆர்டர் போடுகிறார்கள். எங்கே வாங்கினாலும் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதில் பயனில்லை, ஏனென்றால் மலையில் ஓடும் ஜீப்புகளில் பானட்டின் மேலுள்ள பெயர் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் எஞ்சின் வேறாகவும் இருப்பது சகஜம். பிளாக்கில் பொறித்த எஞ்சின் நம்பரையும் பழைய கேமையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கமாகக் கிடத்தி நீளம், ஜர்னல்கள் என்ற தாங்கியில் சுழலும் வட்டப் பகுதிகளின் எண்ணிக்கையும் விட்டமும், கியர் மாட்டும் முனையில் சாவிக் காடியின் இடம் எல்லாவற்றையும் ஒத்துப்பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் ஆயில் பம்புக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குமான இயக்கம் கேமிலுள்ள பல்சக்கரத்திலிருந்தே போவதால், அந்தப் பற்களின் எண்ணிக்கையையும் சாய்வையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

வார்ப்பிரும்புக் கேம் பார்வைக்கு உலக்கைபோல இருந்தாலும் உடையக்கூடியது. கீழே விழுந்தால் துண்டாகிவிடும், அல்லது மேட்டின் விளிம்பு சில்லுத் தெறித்துவிடும். பஸ் பார்சலில் சாக்குக்குள் சுருட்டி மூட்டைகளின் அடியில் போட்டு வரும் கேமைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. ஒவ்வொரு மேட்டையும் விரல்நகத்தால் வருடிப் பார்த்தால் சில்லும் துருவும் உடனே தெரிந்துவிடும்.

பெட்டியில் வருகிற பாகமென்றால், 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகளின்படி தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும், புகார் சொல்லத் தொடர்பு விவரமும் அதன் மேல் அச்சிட்டிருக்க வேண்டும். பெரிய கம்பெனியின் பெயரை ஒட்டிய, முகவரி இல்லாத பெட்டிகளை ‘ஒரிஜினல்’ என்று விற்பதை நம் மாவட்டத்தில் கண்கூடாகப் பார்க்கிறோம். உள்ளூர்த் தயாரிப்பு எல்லாமே மட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. தன் பெயரையே தைரியமாகப் பொறித்து விற்கும் சிறு தயாரிப்பாளரின் கேம், யாரோ ஒருவரின் பெயரைத் திருடிய பெட்டியை விட நூறு மடங்கு நம்பத்தக்கது.

பழைய கேமையே லேத்தில் கொடுத்துச் சரி செய்வது பற்றியும் கேட்கிறார்கள். கேம் அரைக்கும் தனி இயந்திரம் உள்ள இடத்தில், மாதிரியை ஒட்டி, மேல்தோலின் கடினம் போகாத அளவுக்கு லேசாக அரைத்துக் கொடுத்தால் அது ஏற்கத்தக்கதே. அப்படி அரைத்தால் வட்டப் பகுதியும் சிறுத்துவிடும் என்பதால் டேப்பட் கொஞ்சம் தாழ்ந்து உட்காரும். அட்ஜஸ்ட்மென்டில் அதற்கு இடமிருக்கிறதா, புஷ் ராடின் நீளம் போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் தேய்ந்த மேட்டில் வெல்டிங் வைத்துச் சாதாரண லேத்தில் கண்ணளவில் கடைந்து கொடுப்பது காசைக் கரியாக்குவதுதான்.

பூட்டும்போது, கேம் சுழலும் வளையத் தாங்கிகளான கேம் புஷ்களைப் பார்க்காமல் விடுவதும் வழக்கமாகியிருக்கிறது. புஷ் தேய்ந்தால் அதன் வழியாக ஆயில் கசிந்து, எஞ்சின் முழுவதற்கும் ஆயில் பிரஷர் இறங்கிவிடும். ஜிப்ஸியில் கேமுக்குத் தனி புஷ்ஷே கிடையாது. அது அலுமினிய ஹெட்டிலேயே நேராகச் சுழல்கிறது. அதில் ஆயில் வறட்சி ஏற்பட்டால் கேமோடு ஹெட்டும் போய்விடும் என்பதால், ஜிப்ஸிக்காரர்கள் கேம் வாங்கும் முன் ஹெட்டின் ஜர்னல் குழிகளை அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். டீசலில், கேமையும் பம்பையும் கிராங்கோடு ஒத்துச் சுழல வைக்கும் டைமிங் அமைப்பைத் திறந்தால் கேமின் குறியோடு பம்பின் குறியையும் சேர்த்தே ஒத்துவைக்க வேண்டும். ஒரு பல் தப்பினால் எஞ்சின் தட்டும், புகை தள்ளும். அந்தப் பழியையும் புதிய கேம்தான் சுமக்கும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் கேம் போவதற்கு ஒரு காரணம் உண்டு. புதிய கேமும் புதிய டேப்பட்டும் ஒன்றுக்கொன்று பழகுவது முதல் இருபது நிமிடத்தில்தான். பிளாக்கின் உள்ளே இருக்கும் கேமின் மேடுகளுக்குப் பெரும்பாலும் கிராங்க் சுழலும்போது தெறிக்கும் ஆயில்தான் ஆதாரம்; ஐட்லிங்கில் அந்தத் தெறிப்பு போதாது. எனவே ஸ்டார்ட் ஆனவுடன் எஞ்சினை 2000 சுற்றுக்கு மேல் ஏற்றி, ஒரே வேகத்தில் நிறுத்தாமல் சற்று ஏற்றியும் இறக்கியும், இருபது நிமிடமாவது ஓட்ட வேண்டும். மேடுகளிலும் டேப்பட் முகங்களிலும் மாலிப்டினம் கலந்த கிரீஸ் பூசியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஸ்டார்ட்டரை நெடுநேரம் உருட்டக் கூடாது. உருட்ட உருட்ட அந்தப் பூச்சு வழிந்துபோகும். ஆகவே ரேடியேட்டரில் தண்ணீர், லைனில் காற்றை வெளியேற்றி ஏற்றிய டீசல், பம்பு சுழற்றி ஏற்றிய ஆயில், முழு சார்ஜில் பேட்டரி எல்லாம் தயாரான பிறகே சாவியில் கை வைக்க வேண்டும். நம் பட்டறைகளில் நடப்பதோ நேர்மாறு: அரை உயிர் பேட்டரியோடு கால் மணி நேரம் உருட்டி, பிறகு நாலு பேர் தள்ளி, ஸ்டார்ட் ஆனதும் ‘சத்தம் கேட்கட்டும்’ என்று ஐட்லிங்கில் விட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அந்த டீக்குள் கேமின் ஆயுள் கரைந்துவிடுகிறது.

ஆயில் விஷயத்திலும் ஒரு மாற்றம் வந்திருப்பதைப் பலர் கவனிக்கவில்லை. தட்டை முக டேப்பட்டைக் காப்பது ஆயிலில் சேர்க்கும் துத்தநாக, பாஸ்பரஸ் கலவை. அது கார்களின் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால், 2004-இல் வந்த எஸ்.எம். என்ற ஆயில் தரத்திலிருந்து 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸை 0.08 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்திவிட்டார்கள். புதிய காருக்கு அது நல்ல ஆயில்தான், விலையும் அதிகம். விலை அதிகமாக இருப்பதாலேயே பழைய ஜீப்புக்கும் அதுதான் நல்லது என்று ஊற்றுகிறவர்கள் உண்டு. பழைய எஞ்சினுக்கு, அதன் கையேடு சொல்லும் கனத்தில், சி.ஐ.-4 போன்ற டீசல் ஆயில் தரமே பொருந்தும். ஓடையில் இறங்கி ஏறும் வண்டிகளுக்கு இன்னொன்று: டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் நிறத்தில் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அன்றே மாற்றிவிட வேண்டும். மழையில் பால் வெட்டு நின்று, வண்டி வாரக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும்போது, தண்ணீர் கலந்த ஆயிலால் கேமின் மேட்டில் துருப்புள்ளி விழும்; அந்தப் புள்ளியிலிருந்தே பின்னர் தேய்மானம் தொடங்கும்.

மலையேறும் வண்டிக்கு ‘பவர் கேம்’ போட்டால் என்ன என்று ஆசைப்படும் இளைஞர்களுக்கு ஒரு சொல். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் அந்தக் கேம்கள் எஞ்சினின் இழுவையை மேல்வேகத்துக்குத் தள்ளிவிடும். பாறை ஏற்றத்தில் லோ கியரில் ஊர்ந்து போகிறவருக்கு வேண்டியதோ கீழ்வேகத்து இழுவை. அது மட்டுமன்று, பிரேக் பூஸ்டர் உள்ள பெட்ரோல் வண்டியில் ஐட்லிங் வாக்குவம் குறைந்து பிரேக் மிதி கல்லாகிவிடும். பாலமோரிலிருந்து இறங்கும் வளைவில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இனி அந்தப் பில். ‘பில் போட்டால் வரி சேரும்’ என்று கடையில் சொன்னதும் நாமும் வேண்டாமென்று சொல்லிவிடுகிறோம். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடுதான், முன்பு பலவற்றுக்கு 28 விழுக்காடு இருந்தது. அந்தப் பதினெட்டை மிச்சம் பிடிப்பதற்காக நாம் கைவிடுவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை. வாடகைக்கு ஜீப் ஓட்டுகிறவர் ‘வணிக நோக்கம்’ என்று தள்ளப்பட்டுவிடுவார் என்ற தவறான எண்ணம் இங்கே பரவலாக இருக்கிறது. சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துகிறவரை அந்தச் சட்டம் நுகர்வோர் என்றே ஏற்கிறது. பொருளை எந்த ஊரில் வாங்கியிருந்தாலும் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, அதாவது நமக்கு நாகர்கோவிலிலேயே, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பொருளின் குறையைச் சோதித்தறிய வேண்டுமானால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பவும் அதிகாரம் உண்டு. ஆனால் அனுப்புவதற்குப் பொருள் கையில் இருக்க வேண்டும். தேய்ந்த கேமையும் டேப்பட்டையும் ஆக்கர் கடையில் போட்டுவிட்டு நியாயம் தேடுவது நடக்காத காரியம்.

உதிரிபாகக் கடைக்காரர்களிடம் நான் கேட்பது, பிளாக்கினுள் கேம் உள்ள எஞ்சின்களுக்குக் கேமையும் டேப்பட்டுகளையும் ஒரே செட்டாகவே விற்க வேண்டும் என்பதும், பாக எண்ணை எழுதிய பில் இல்லாமல் கேமை மேசையிலிருந்து நகர்த்தக் கூடாது என்பதும்தான். கேமை மட்டும் கேட்டு வருபவரிடம் ‘டேப்பட் இல்லாமல் வாங்கினால் நான் பொறுப்பில்லை’ என்று பில்லிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால் கடைக்காரருக்கும் அது பாதுகாப்பு. பட்டறைக்காரர்கள், கழற்றிய பாகங்களைக் கேட்காமலே வண்டிக்காரரிடம் ஒப்படைத்து, பூட்டும் முன்னும் பின்னும் அளந்த எட்டு எண்களை வேலைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். இதற்குக் கூடுதல் கூலி கேட்டால் கொடுக்க நாங்கள் தயார்.

முகவரியும் விலையும் அச்சிடாத உதிரிபாகப் பெட்டிகளைச் சோதிக்கும் பொறுப்பு நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது. அரிசிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் நடக்கும் அந்தச் சோதனை, ஆண்டுக்கு ஒரு முறையாவது நாகர்கோவில், மார்த்தாண்டம், குலசேகரம் உதிரிபாகக் கடைகளுக்கும் வர வேண்டும். கோணம் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் பட்டறைக்காரர்களுக்கென ஒரு குறுகிய பயிற்சி, டயல் கேஜ் பிடிக்கவும் டைமிங் குறி பார்க்கவும் முதல் இருபது நிமிட ஓட்டத்தைச் செய்துகாட்டவும், வைத்தால் மிகுந்த பயன் தரும். இங்கே தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கியதும் பால் வெட்டு குறைந்து ஜீப்புகளெல்லாம் எஞ்சின் வேலைக்காகப் பட்டறைக்கு வந்துவிடும் என்பதால், அந்தப் பயிற்சியை மே மாதத்துக்குள் நடத்திமுடிக்குமாறு நிலையத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஜீப் வைத்திருக்கும் சிறு ரப்பர் விவசாயி ஒருவர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.